வீட்டைப் பற்றிக் கேட்டது போதும், லேபைப் பற்றிக் கேளுங்கள்

அறிவியல் துறையில் பெண்களின் அனுபவங்களை ஆராயும் குழுவினருக்கு,

வணக்கம்.

போன வாரம் உங்கள் கேள்வித்தாள் என் கைக்கு வந்தது. ஆறு பக்கம். நான் பி.எச்டி. முடித்த துறையின் அலுவலகம் பழைய மாணவிகளின் முகவரிகளைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறது. இப்படி ஒரு ஆய்வு நடக்கிறது என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஐந்து பக்கத்தை நிதானமாக நிரப்பினேன். ஆறாம் பக்கத்தில் ‘ஆராய்ச்சியைத் தொடராததற்கான காரணம்’ என்று கேட்டிருந்தீர்கள். கீழே நான்கு கட்டம்: திருமணம், குழந்தைப்பேறு, கணவரின் பணியிட மாற்றம், குடும்பப் பொறுப்பு. ‘வேறு காரணம்’ என்று எழுத ஒரு வரி இடம்கூட இல்லை.

எனக்குத் திருமணம் ஆகவில்லை. ஆராய்ச்சிக்கு என் வீட்டில் யாரும் குறுக்கே நிற்கவும் இல்லை. நெல் விற்ற காசில் என்னைப் படிக்க வைத்தவர் என் அப்பா. நான்கு கட்டத்தில் எதில் டிக் அடித்தாலும் அது பொய். பேனாவை மூடி வைத்துவிட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் துறையில் எக்ஸ்.ஆர்.டி. கருவி ஒன்றுதான். எக்ஸ்-ரே பாய்ச்சி ஒரு பொருளின் உள்ளமைப்பைக் காட்டும் கருவி அது. பகல் ஸ்லாட் முழுக்க ஆசிரியர்களின் புராஜெக்ட்டுக்கும் வெளியிலிருந்து பணம் கட்டி வரும் சாம்பிள்களுக்கும் போய்விடும். ஆராய்ச்சி மாணவர்களான ஸ்காலர்களுக்கு ராத்திரிதான். மெதுவாக ஸ்கேன் செய்தால் ஒரு சாம்பிளுக்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். என் லேபில் இருந்த பையன்கள் செக்யூரிட்டி நோட்டில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். பெண்கள் ஹாஸ்டல் கேட்டை எட்டரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஒரு ராத்திரி வெளியே தங்க எனக்கு ஆய்வு வழிகாட்டியான கைடு கையெழுத்து, துறைத் தலைவரான எச்.ஓ.டி. கையெழுத்து, வார்டன் கையெழுத்து, அதற்கும் மேலே அப்பாவின் சம்மதக் கடிதம். ஒவ்வொரு தடவையும் அப்பா பஸ் ஏறி டவுனுக்குப் போய், கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்புவார். அப்போது எனக்கு வயது 27.

சரி, அதையும் தாண்டி உள்ளே போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தில் பெண்கள் கழிப்பறை ஒன்றே ஒன்று, கீழ்த்தளத்தில். சாயங்காலம் ஆறு மணிக்கு அதைப் பூட்டிச் சாவியை ஆபீஸ் பீரோவில் வைத்துவிடுவார்கள். அதனால் ஸ்லாட் இருக்கும் நாட்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். எங்கே குடிப்பது?

ஒரு ராத்திரி ஒரு மணிக்கு என்னால் அடக்க முடியவில்லை. வாட்ச்மேன் அண்ணனிடம் போய் நின்றேன். நான் வாய் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. “சாவி பீரோவுக்குள்ள இருக்கும்மா, மெயின் பில்டிங்ல ஒண்ணு திறந்திருக்கும், வாங்க” என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். போய்த் திரும்ப அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் கருவியைக் குளிர்விக்கும் சில்லர் நின்று, எக்ஸ்-ரேயும் அணைந்து கிடந்தது. நாலு மணி நேர ஸ்கேன் வீண். அடுத்த ஸ்லாட் கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. காலையில் கைடு கேட்டார்: “மெஷினை விட்டுட்டு எங்கம்மா போனே?”

நான் தலை குனிந்து நின்றேன். என்ன பதில் சொல்வது? அவர் கெட்டவர் இல்லை. அவர் அங்கே வேலை பார்த்த இருபது வருடத்தில் அந்தக் கதவு பூட்டியிருப்பதைக் கவனிக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை, அவ்வளவுதான். என்னோடு சேர்ந்தவர்கள் நாலரை வருடத்தில் முடித்தார்கள். எனக்கு ஆறரை ஆனது. அதற்குள் நான் விண்ணப்பிக்க நினைத்த பணிக்கான வயது வரம்பு தாண்டிவிட்டது. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் வேலையில் இரண்டு வருடம் ஓட்டினேன். இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். இந்தக் கதைக்கு உங்கள் ஆறாம் பக்கத்தில் கட்டம் இல்லை.

தயவுசெய்து லேபைப் பற்றிக் கேளுங்கள்.

இயற்பியலாளர் அன்னா மணியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1940இல் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். வைரமும் மாணிக்கமும் ஒளிர்வதைப் பற்றி ஆராய்ந்தார். ஒளிப்படத் தகட்டில் நிறமாலை பதிய பதினைந்து இருபது மணி நேரம் ஆகும் என்பதால் பல நாள் லேபிலேயே தூங்கினார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். ஆனாலும் எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பைண்டு செய்த அந்த ஆய்வேடு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கிறது. அவரைத் தடுத்தது குடும்பமா, குழந்தையா? அவர் கடைசி வரை திருமணமே செய்துகொள்ளவில்லை. உங்கள் தாளை அவரிடம் கொடுத்திருந்தால் அவரும் எதையும் டிக் அடித்திருக்க முடியாது.

இந்தக் கேள்வியை இதைவிட நன்றாகக் கேட்டவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். 2010இல் இந்திய அறிவியல் அகாடமியும் (Indian Academy of Sciences) பெங்களூரு நியாஸ் (தேசிய உயர் ஆய்வு நிறுவனம்) அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. அதை நடத்தியவர்களில் 2024இல் மறைந்த இயற்பியலாளர் ரோகிணி கோட்போலேயும் ஒருவர். பி.எச்டி. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வெளியே நின்ற பெண்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். எல்லோரும் நினைத்ததுபோலக் குடும்பம் முதல் காரணமாக வரவில்லை. தகுந்த வேலை கிடைக்காததுதான் பெரிய காரணமாக வந்தது. இத்தனை வருடம் கழித்து உங்கள் தாள் மறுபடியும் கல்யாணத்தில் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் மாணவ மாணவிகளிடம் வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டரோடு வளர்ந்த பையன்களை மனதில் வைத்தே எல்லாம் அமைந்திருப்பது தெரிந்தது. ஏற்கெனவே புரோகிராமிங் தெரிந்தவர்களுக்குச் சேர்க்கையில் இருந்த முன்னுரிமை போனது, முதலாண்டு வகுப்புகள் மாறின. 2000இல் அந்தப் பங்கு 42 சதவீதம். அங்கே மாற வேண்டியிருந்தது பெண்கள் இல்லை, துறை.

இங்கே நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2016இல் ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும் கூடுதலாக இரண்டு வருட அவகாசமும் கொடுத்தது. என் தோழி ஒருத்தி அதனால்தான் முடித்தாள். ஆனால் அந்த இரண்டு வருடமும் பூட்டிய கழிப்பறையைத் திறந்துவிடாது. ஒவ்வொரு மகளிர் தினத்துக்கும் ‘வீட்டையும் ஆராய்ச்சியையும் சமாளிப்பது எப்படி’ என்று யாரையாவது அழைத்து எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். எட்டு வருடம் கேட்டுவிட்டேன். லேபை எப்படி நடத்த வேண்டும் என்று அங்கே கைடுகளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என் ஜூனியர் ஒருத்தி இப்போதும் அங்கே பி.எச்டி. செய்கிறாள். அவளுக்கும் இதே தாள் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் பெயர், துறை, கைடு பெயர். நிரப்பிய தாளை எச்.ஓ.டி. வழியாக அனுப்ப வேண்டுமாம். அந்தத் துறையில் பெண் ஸ்காலர்கள் மூன்றே பேர். “அக்கா, எல்லாத்துக்கும் ‘திருப்தி’ன்னு போட்டுட்டேன்” என்று போனில் சொன்னாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸில் எச்.ஓ.டி. கையெழுத்து வேண்டும், வைவா என்னும் வாய்மொழித் தேர்வும் பாக்கி இருக்கிறது. அந்தத் ‘திருப்தி’களைக் கூட்டிச் சதவீதம் போட்டு அறிக்கை வெளியிட்டுவிடாதீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிறிய விஷயம்தான். இந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு தாள் அனுப்புங்கள். அதில் பெயரும் கைடு பெயரும் வேண்டாம். துறை வழியாகப் போகாமல் நேராக உங்களிடம் வந்து சேரட்டும். வீட்டைப் பற்றிக் கேட்டது போதும், லேபைப் பற்றிக் கேளுங்கள்: ராத்திரி ஸ்லாட் யாருக்குப் போகிறது, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது.

நிரப்பிய தாள்களை அனுப்ப இந்த மாதம் 30ஆம் தேதி கடைசி என்று போட்டிருக்கிறீர்கள். என்னுடையதை அனுப்பவில்லை. புதுத் தாள் வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஆராய்ச்சி மாணவி,
திருச்சி மாவட்டம்