கயலுக்கு உங்கள் ஊர்ப் பக்கம் இடம் கிடைத்திருக்கிறது

பண்ருட்டி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தடி இல்லாமல் பால்கனி வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. படிக்கட்டில் மட்டும் அவசரப்படாதே. பேத்திக்கு முதல் பல் முளைத்த கதையை இரண்டு தரம் படித்தேன். இங்கே பலா சீசன். கொல்லை மரத்தில் இந்த வருஷம் பதினொரு காய். தெருவெல்லாம் வாசனை. நீ இருந்திருந்தால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்க முதல் ஆளாக உட்கார்ந்திருப்பாய்.

பதில் எழுத நாளானதற்குக் காரணம் கயல். போன வருஷம் தீபாவளிக்குப் பேசும்போது சொன்னேனே, காலனித் தெருவிலிருந்து சாயங்காலம் கணக்குப் படிக்க வரும் பெண், கயல்விழி. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறார். அப்பா சென்னையில் கட்டட வேலை. மூன்றாம் வகுப்பில் ஒரு தம்பி. அவளுக்கு ஷ்ரேஷ்டா திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கே தெரியுமா? உன் செகந்திராபாத் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில். அதனால்தான் இதை விவரமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் இனத்துப் பிள்ளைகளுக்காக ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம் நடத்துவது. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளைகள் ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடு முழுக்க ஏறக்குறைய 3,000 இடங்கள். தேர்வானால், நல்ல தேர்ச்சி காட்டும் தனியார் உறைவிடப் பள்ளிகளில் ஒன்பதிலோ பதினொன்றிலோ சேர்த்து, பன்னிரண்டு முடியும் வரை படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அமைச்சகமே பள்ளிக்குப் பணம் கட்டிவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு 1,00,000 ரூபாய், பன்னிரண்டுக்கு 1,35,000 ரூபாய் வரை. புதுப் பள்ளியின் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாத பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு எடுக்கவும் பணம் ஒதுக்குகிறார்கள். போக வர ரயில் செலவும் கைச்செலவும் நம் பொறுப்பு.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பார். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். இவளோ ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. கணக்கு முப்பது கேள்வி, அறிவியல் இருபது, சமூக அறிவியல் இருபத்தைந்து, பொது அறிவு இருபத்தைந்து, மொத்தம் நூறு கேள்விக்கு மூன்று மணி நேரம். முதல் நாள் ஒரு மாதிரித் தாளைக் கொடுத்தபோது கயல் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டாள். "ரேஷனல் நம்பர்னு போட்டிருக்கே, ரேஷன் கடைக்கும் இதுக்கும் என்ன டீச்சர்?" என்று கேட்டாள். விகிதமுறு எண் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, அரை நிமிஷத்தில் விடை போட்டுவிட்டாள். எனக்கு நெஞ்சு கனத்தது வசந்தா. கணக்கு அவளிடம் இருக்கிறது. கேள்வியின் வாசல்தான் பூட்டியிருக்கிறது.

அன்றைக்கே எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நடுவில் கோடு போட்டோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். நாற்கரம், குவாட்ரிலேட்டரல். வர்க்கமூலம், ஸ்கொயர் ரூட். ஒளிச்சேர்க்கை, போட்டோசிந்தசிஸ். தினமும் இருபது சொல். ஒன்றிய அரசின் என்சிஇஆர்டி போடும் எட்டாம் வகுப்புப் புத்தகங்களை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்துக் கொடுத்தான் என் தம்பி மகன். ஐந்தாறு மாதத்தில் அந்த நோட்டின் ஓரமெல்லாம் சுருண்டு, அட்டை கழன்று, உள்ளே ஒரு பக்கம் விடாமல் நிரம்பிவிட்டது. கடைசி இருபது பக்கத்தில் நான் எழுதியது ஒன்றுமில்லை, எல்லாம் அவளாகத் தேடி எழுதியவை.

விண்ணப்பம் போட்ட கதையும் சொல்ல வேண்டும். சாதிச் சான்றிதழில் 'கயல்விழி மு', ஆதாரில் 'கயல்விழி முருகன்', பள்ளிப் பதிவில் 'மு. கயல்விழி'. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். ஆதாரில் திருத்தப் போனால் அம்மாவின் கைரேகை கேட்டார்கள். அந்தக் கருவியில் அவர் விரலை வைக்கிறார், விழவில்லை. துடைத்துவிட்டு வைக்கிறார், விழவில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. முந்திரித் தோட்டில் வடியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும் என்று உனக்கும் தெரியும். சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகை என்று ஒன்றுமே இல்லை. வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று அவர் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டார். கயல் அந்தக் கையை வெளியே எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அங்கே இருந்த பையன் கருவிழியைப் பதிவு செய்து வேலையை முடித்துக் கொடுத்தான். நல்ல பையன். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் 60 ரூபாய் கட்டி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி வட்டாட்சியர் கையெழுத்தாகி வர இரண்டு வாரம். அதற்குள் நான் நான்கு தரம் அலைந்தேன். படிப்பு வாசனை இல்லாத வீட்டுக்காரர்கள் தனியாக இதையெல்லாம் எப்படிச் செய்வார்கள் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

தேர்வுக்குச் சென்னை போய் வந்தோம். தரவரிசை வந்தது. கலந்தாய்வில் பள்ளிகளை விருப்ப வரிசையில் போடச் சொன்னார்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் நாம் பெயர் கேள்விப்படாத பள்ளிகள். பெண்கள் விடுதி தனியாக உண்டா, வார்டன் அங்கேயே தங்குகிறாரா, ஒரே ரயிலில் போய்விட முடியுமா, ஏற்கெனவே இந்தத் திட்டத்தில் சேர்ந்த பெண்கள் அங்கே இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றுக்கும் போன் செய்து கேட்டுத்தான் வரிசை போட்டோம். பக்கத்தில் இருப்பவை முதலில், தூரத்தில் இருப்பவை பின்னால். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஆறாவது இடத்தில் இருந்தது. அதுதான் கிடைத்தது.

இவ்வளவும் நடக்கும் வரை எனக்குள் ஒரே வேகம்தான். இடம் வந்த மறுநாள் கயல் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இந்தப் பிள்ளை எதை விட்டுட்டுப் போகுதுன்னு கணக்குப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். கணக்கு வாத்தியாரம்மாவான நான் அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்கவில்லை.

கயல் இந்த வருஷமே தேசிய வருவாய்வழித் திறன் தேர்விலும் தேறியிருக்கிறாள். அரசுப் பள்ளியிலேயே படித்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். தனியார் பள்ளிக்குப் போனால் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அதுவும் போகும். கல்லூரியில் சேர்ந்ததும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் போகும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் இருக்கும் 20 விழுக்காடு முன்னுரிமை போகும். அங்கே தமிழ் ஒரு பாடமாகக்கூட இருக்காது. தலைமையாசிரியை சொன்னது ஒரு சொல்கூடத் தவறில்லை. மாவட்டத்து அரசு மாதிரிப் பள்ளியில் சேர்த்தால் விடுதியும் உண்டு, 7.5 விழுக்காடும் புதுமைப்பெண்ணும் போகாது என்று அவர் சொன்னதும் நியாயம்தான்.

ராத்திரி ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, கிடைப்பது ஒரு பக்கம், போவது ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். மறுநாள் கயலிடமும் அவள் அம்மாவிடமும் வரி வரியாகப் படித்து விளக்கினேன். "நான் சொல்றேன்னு போகாதே, அவங்க சொல்றாங்கன்னு நிக்காதே. மூணு நாள் வெச்சிருந்து யோசிச்சுச் சொல்லு" என்றேன். நமக்கு இதைச் செய்யும் வழக்கமே இல்லை வசந்தா. படிக்கிற பிள்ளை என்றால் நாமே முடிவெடுத்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறோம். பதிமூன்று வயதுப் பெண்ணை எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பும்போது, எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறாள் என்று அவளிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டுமல்லவா?

மூன்றாம் நாள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கிடைப்பது பக்கத்தில் அவள் எதுவும் சேர்க்கவில்லை. போவது பக்கத்தில், என் கையெழுத்துக்குக் கீழே, பென்சிலால் ஒரு வரி: 'தம்பிக்கு வீட்டுப்பாடம்.' அம்மா வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதுவரை தம்பியை உட்கார வைத்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது அவள்தான். நான் பத்து வரி எழுதியும் இது எனக்குத் தோன்றவில்லை.

"அப்போ போகலையா?" என்று கேட்டேன்.

"போறேன் டீச்சர். இங்க எட்டாவது வரைக்கும் நான் லேபே பார்த்ததில்ல. புக்ல இருக்கிற படத்தைத்தான் வரைஞ்சேன். அங்க நிஜமா செஞ்சு பார்க்கணும். ஆனா இவனை யார் பார்ப்பா?"

நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றிலிருந்து சாயங்காலம் அவன் என் வீட்டுத் திண்ணையில்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறான், எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது.

அவள் எடுத்தது சரியான முடிவா என்று என்னைக் கேட்டால், எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஆனால் எல்லாம் தெரிந்து அவளே எடுத்த முடிவு. அதற்குத் துணையாக நிற்பதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். பள்ளியில் உள்ளூர்க் காப்பாளர் என்று ஒருவர் பெயரும் கையெழுத்தும் கேட்கிறார்கள். நீ இருப்பாயா? செலவு எதுவும் உன் தலையில் விழாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்க வரலாமாம். அவள் அம்மா ஒரு நாள் வேலையை விட்டு, இரண்டு ராத்திரி ரயிலில் போய் வருவது வருஷத்துக்கு ஒரு தரம் முடிந்தால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் மாப்பிள்ளையோ நீயோ போய் அவளோடு ஒரு மணி நேரம் தமிழில் பேசிவிட்டு வந்தால் போதும். முட்டி தேறும் வரை நீ போக வேண்டாம், போனில் பேசு.

கடலூரில் பயிற்சிப் பள்ளி விடுதியில் நாம் சேர்ந்த முதல் ராத்திரி உனக்கு நினைவிருக்கிறதா? டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் அம்மா கட்டிக்கொடுத்த எள்ளுருண்டையை என் கையில் வைத்தாய். மறுநாள் காலை ஊருக்குப் போய்விடுவது என்றுதான் இருந்தேன். போகவில்லை. அதனால்தான் இதை வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

வரும் 12ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து ரயில். நானும் கயலும் அவள் அம்மாவும் வருகிறோம். அவள் அப்பா தாம்பரத்தில் வந்து ஏற்றிவிடுகிறார். காலையில் நேராக உன் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, பத்து மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பலாம் என்று எண்ணம். அவள் அம்மா வெளியூரில் அதிகம் பேச மாட்டார், நீயே பேச்சுக் கொடு. கயலுக்கு ரசம் பிடிக்கும், கத்தரிக்காய் தொட மாட்டாள். பழுத்த பலா ஒன்றைச் சாக்கில் கட்டி எடுத்து வருகிறேன். அந்தப் படிவத்தோடு உன் ஆதார் நகல் ஒன்றும் வைக்க வேண்டுமாம், எடுத்து வைத்திரு. சம்மதம் என்றால் கடிதம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு போன் போடு. கயல் அந்நேரம் இங்கேதான் இருப்பாள், அவளிடமே சொல்லிவிடு.

உன்
மல்லிகா