தெரிந்திருந்தவர்களும் பதில் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில், ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலரை நாம் பறிகொடுத்தோம். அன்றிலிருந்து இந்த நகரம் கேட்டு வரும் கேள்வி, குண்டைச் சுமந்து வந்தவன் யார் என்பதோடு நின்றுவிடவில்லை. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருக்க, அதைக் கையில் வைத்திருந்தவர்கள் ஏன் அசையாதிருந்தார்கள் என்பதே அதைவிடக் கடுமையான கேள்வி. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அக்கேள்விக்கு ஒரு விடை தந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், அன்றைய பொலிஸ் மா அதிபர், பாதுகாப்புச் செயலாளர், புலனாய்வுத் தலைவர்கள் ஆகியோர் தனித்தனியே ஒரு கோடி முதல் ஏழரைக் கோடி வரையான ரூபாவும் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடாகச் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அவர்களில் எவரும் குண்டு வைக்கவில்லை. தெரிந்திருந்தும் தம் கடமையைச் செய்யவில்லை என்பதே அவர்கள் மீதான தீர்ப்பு. உண்மை வெளிவர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை இடைவிடாது குரல் கொடுத்தபோது, அத்திருச்சபையின் மகளாக நான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

அரசை அளந்த அந்த அளவுகோலைத் திருச்சபை தன் சொந்த வீட்டுக்குள்ளும் எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். குருக்களோ போதகர்களோ பிள்ளைகள் மீது புரியும் பாலியல் துஷ்பிரயோகத்தைப் பற்றியும், அதனினும் மேலாக, அதை அறிந்து மூடிவைத்தவர்களைப் பற்றியும் பேச விரும்புகிறேன். மூடிவைத்தவர்களுள் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடசாலையிலும், அதைவிட நீண்ட காலம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் கற்பித்தவள். முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய ஊரில், ஒரு தாய் ஞாயிறு பூசை முடிந்த பின் என்னைத் தேடி வந்தார். பூசையில் குருவுக்கு உதவும் பீடப்பணியாளனாக இருந்த தன் மகன் கோயிலுக்குப் போக மறுக்கிறான் என்றும், கட்டாயப்படுத்தினால் வாந்தி எடுக்கிறான் என்றும் சொன்னார். பிறகு, நிலத்தைப் பார்த்தபடி, மகன் தன்னிடம் சொன்னதையும் சொன்னார். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அத்தாயை அழைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அன்று என் மனத்தில் ஒரு கணமேனும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த மூத்த குரு ஒருவரிடம் சென்று விடயத்தை ஒப்படைத்தேன். அவர் மெய்யாகவே வருந்தினார். தாம் பார்த்துக்கொள்வதாகவும், வெளியில் போனால் திருச்சபைக்குத் துர்மாதிரிகையாகிவிடும் என்றும் கூறினார். இரண்டு மாதங்களில் அந்த இளம் குருவுக்கு இடமாற்றம் வந்தது. பிரியாவிடை வைபவம் நடந்தது, மாலை சூட்டப்பட்டது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களின் சார்பில் வாழ்த்துமடல் எழுதி வாசித்தவள் நான்தான்.

துர்மாதிரிகை என்ற சொல்லைப் பழைய ஞானோபதேச வகுப்பில் படித்தவர்கள் அறிவார்கள். பிறரைப் பாவத்தில் இடறி விழச்செய்யும் செயலுக்கு அது பெயர். நடைமுறையிலோ அச்சொல், செயலைச் செய்தவரை விட்டு விலகி, அதைப் பற்றி வாய்திறக்கும் தாயின் மீது வந்து விழுந்தது. கெடுதி நடந்தது துர்மாதிரிகை இல்லை, கெடுதி நடந்ததென்று சொல்வதுதான் துர்மாதிரிகை என்று நாங்கள் பழகிப்போனோம்.

அந்தச் சிறுவன் இன்று நடுவயதை எட்டியவர், வெளிநாட்டில் வாழ்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். தேநீர் அருந்திக்கொண்டே, “டீச்சர், நீங்கள் அன்றைக்கு வாசித்த வாழ்த்துமடல் எனக்கு இன்னும் மனப்பாடம்” என்றார். அதில் கோபமில்லை, இருந்திருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும். வழக்குத் தொடர முடியுமா என்று சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிட்டே அவர் வந்திருந்தார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, கொலை, இராசத்துரோகம் போன்றவை தவிர்ந்த குற்றங்களுக்கு 20 ஆண்டுகள் கடந்தால் வழக்குத் தொடரும் உரிமை அற்றுப்போகும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பத்து வயதில் காயப்பட்ட ஒருவர் அதைச் சொற்களில் வெளியிடும் துணிவைப் பெரும்பாலும் நடுவயதில்தான் பெறுகிறார் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. எங்கள் மௌனம் அந்த 20 ஆண்டுகளையும் குற்றவாளிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதையாக இருந்திருந்தால் நான் பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டேன். அயர்லாந்தின் டப்ளின் உயர்மறைமாவட்டத்தைப் பற்றி 2009 நவம்பரில் வெளியான மர்பி அறிக்கை, அங்கிருந்த தலைமையின் கவலையெல்லாம் இரகசியத்தைக் காப்பது, இடறலைத் தவிர்ப்பது, திருச்சபையின் நற்பெயரையும் சொத்துக்களையும் பாதுகாப்பது ஆகியவற்றிலேயே இருந்தது என்று கண்டது. பிள்ளைகளின் நலம் இவை யாவற்றுக்கும் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்த ஒரே குரு பங்கு பங்காக மாற்றப்பட்டு வந்ததை 2002 ஜனவரியில் அந்நகரப் பத்திரிகை வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கர்தினால் பேர்னார்ட் லோ பதவி விலகினார். 2018 ஓகஸ்டில் பென்சில்வேனியா மாநிலப் பெருநடுவர் குழு, ஆறு மறைமாவட்டங்களின் ஆவணங்களைத் திறந்து, குற்றஞ்சாட்டப்பட்ட 300க்கு மேற்பட்ட குருக்களையும் பாதிக்கப்பட்ட 1000க்கு மேற்பட்ட சிறுவர்களையும் கண்டறிந்தது. அந்த ஆவணங்கள் ஆயர் இல்லங்களின் பூட்டிய அலுமாரிகளிலேயே இருந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தெரியாமல் நடந்தது என்று சொல்வதற்கு அங்கே இடமே இல்லை.

மேல்நாட்டு ஒழுக்கக்கேடு என்று இதை ஒதுக்குவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் கடலுக்கு அப்பால், நம் மொழியும் நம் உறவும் உள்ள மண்ணைப் பார்க்கட்டும். நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலம் மறைமாவட்டத்தின் குரு ஒருவர், அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது சிறுமியைத் துஷ்பிரயோகம் செய்ததை 2015இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஊர் திரும்பிய பின், 2016இல் அவர் மீதான பணித்தடை நீக்கப்பட்டது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு சிறுமி கருவுற்றபோது, பங்குக் குருவைக் காப்பாற்ற அவளைப் பெற்ற தகப்பனே அப்பழியைத் தன் தலையில் ஏற்க முன்வந்தார். மரபணுப் பரிசோதனையே உண்மையைச் சொன்னது. 2019இல் அக்குருவுக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் மேன்முறையீட்டில் குறைக்கப்பட்டது. ஒரு தகப்பனை அந்த இடத்துக்குத் தள்ளக்கூடிய பக்தியும் பயமும் வறுமையும் எத்தகையவை என்பதை எண்ணும்போது, வாகரையிலோ திருக்கோவிலிலோ உள்ள ஓர் ஏழைத் தகப்பனின் முகமே எனக்குத் தோன்றுகிறது.

நம் மாவட்டங்களில் குருக்களுக்குக் கிடைக்கும் மதிப்பு இரவலாக வந்ததன்று. 1988 ஜூன் 6ஆம் திகதி மட்டக்களப்பில் தம் ஆலயத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்ட சந்திரா பெர்னாண்டோ அடிகளாரும், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போன இயூஜின் ஹேபர்ட் அடிகளாரும் போன்றவர்கள் தம் உயிரைக் கொடுத்துச் சேர்த்த மதிப்பு அது. அந்த மதிப்பின் நிழலில் ஒருவன் ஒளிந்துகொள்ள இடங்கொடுப்பது, அவர்களுக்கும் செய்யும் அநீதியாகும்.

போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் எத்தனை பிள்ளைகளைத் தாய் தகப்பன் இல்லாதவர்களாக்கின என்பதை நாம் அறிவோம். அவர்களை ஏற்றுக்கொண்ட சிறுவர் இல்லங்களும் விடுதிகளும் பெரும்பாலும் மத நிறுவனங்களால் நடத்தப்பட்டவை. அவை இல்லாவிட்டால் பல பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள். ஆயினும், உணவும் உடையும் பள்ளிக் கட்டணமும் கொடுக்கும் அதே கைக்கு எதிராக ஒரு பிள்ளை முறையிட வேண்டுமானால் யாரிடம் போவது? வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போகிற பிள்ளைக்காவது ஒரு தாயோ பாட்டியோ இருப்பார். விடுதிப் பிள்ளைக்கு, நன்னடத்தை உத்தியோகத்தர் வரும் நாளில்கூட, பக்கத்தில் நிர்வாகி நின்றுகொண்டிருப்பார். ஆயரோ பேரவையோ இல்லாத, தனியொரு போதகரும் அவர் குடும்பமுமே அறங்காவலர்களாக உள்ள சிறு சபைகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே முறைப்பாட்டைப் பெறுபவரும் முறையிடப்படுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும்.

எதிர்வாதங்களை நான் கேட்காதவள் அல்லள். சிறுபான்மையாக வாழும் நம்மைத் தாக்கக் காத்திருப்போர் கையில் இது ஆயுதமாகும் என்கிறார்கள். ஆயுதமாவது குற்றமும் அதை மறைத்ததும்தான். திருச்சபையே முன்வந்து சொல்லியிருந்தால் பொஸ்டனில் பத்திரிகைக்காரருக்கு வேலையே இருந்திருக்காது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தை உடைக்கச் சொல்கிறீர்களா என்கிறார்கள். இல்லை. ஒரு தாய் ஆயர் இல்ல வரவேற்பறையில் அழுதுகொண்டு சொல்வதும், ஓர் ஆசிரியை கடிதமாக எழுதிக் கொடுப்பதும் பாவசங்கீர்த்தனம் அல்ல. மறைக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி இத்தகையவையே. பொய்க் குற்றச்சாட்டால் நல்ல குருவின் வாழ்வு அழியாதா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்காகவே விசாரணை பொலிஸாரிடமும் நீதிமன்றத்திடமும் போக வேண்டும் என்கிறேன். இரகசியமாக இடமாற்றப்பட்ட குரு, குற்றமற்றவராயிருந்தாலும், தம் குற்றமின்மையை ஒருநாளும் நிரூபிக்க முடியாமல் கிசுகிசுப்பிலேயே வாழ்நாளைக் கழிக்க நேரும்.

உரோமாபுரியிலிருந்து சட்டம் வராமலில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஜனவரியில் சிலி நாட்டில் முறையிட்டவர்களையே அவதூறு பேசுவோர் என்று கூறி, ஏப்ரலில் தாம் தவறிழைத்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மே மாதத்தில் அந்நாட்டு ஆயர்கள் அனைவரும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். 2019 மே மாதம் அவர் வெளியிட்ட ஆணை, குருக்களும் துறவியரும் இத்தகைய செயலை அறிந்தால் திருச்சபை அதிகாரியிடம் அறிவிப்பதைக் கட்டாயக் கடமையாக்கியது. விசாரணையைத் தடுக்கும் அல்லது தவிர்க்கும் ஆயரையும் விசாரணைக்குள் கொண்டுவந்தது. முறையிட்டவரிடம் மௌனத்தை நிபந்தனையாக விதிக்கக் கூடாதென்றது. பொதுமக்கள் எளிதில் அணுகக்கூடிய முறைப்பாட்டு ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டுமென்றது. அவ்வாண்டு டிசம்பரில் இவ்வழக்குகள் மீதிருந்த, திருப்பீட இரகசியம் எனப்படும் வெளியிடாமைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. 2023இல் அந்த ஆணை நிரந்தரமாக்கப்பட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபையிலோ, 2024 நவம்பரில் கன்ரபரிப் பேராயர் பதவி விலகலை அறிவித்தார். நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் வதைத்த ஒருவரைப் பற்றித் தெரிந்த பின்னும் போதியளவு செய்யவில்லை என்பதே அவருடைய குற்றம். வதைத்தவரோ 2018இலேயே, எந்த நீதிமன்றத்திலும் நிற்காமல், இறந்துபோயிருந்தார்.

ஆகவே இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் வரும் ஞாயிறன்று தம் ஆலயத்தின் அறிவித்தல் பலகையைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திருமண ஓலை அறிவித்தலுக்கும் திருவிழா உபயகாரர் பெயர்ப்பட்டியலுக்கும் இடையில், முறைப்பாடு செய்ய வேண்டிய ஆளின் பதவியும் தொலைபேசி இலக்கமும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கமும் அங்கே உள்ளனவா? இல்லையென்றால் பங்குச் சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். எல்லாத் திருச்சபைத் தலைவர்களிடமும் நான் வேண்டுவது இதுதான்: முறைப்பாடு கிடைத்த அன்றே அதைப் பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு அனுப்புங்கள், விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரைப் பிள்ளைகள் இருக்கும் எந்தப் பணியிலும் வைக்காதீர்கள், பெற்றோரை அழைத்துச் சமரசம் பேசாதீர்கள். பழைய கோப்புகளைத் திருச்சபைக்கு வெளியிலுள்ள ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் கையில் கொடுத்து, கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றுக்கு என்ன நடந்தது என்பதைப் பெயர்கள் இன்றியேனும் வெளியிடுங்கள். யார் செய்தார் என்பதோடு யாருக்குத் தெரிந்திருந்தது என்பதும் அதில் இருக்கட்டும். என் பெயரும் அதில் வரும் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

எனது பெயரையும் முகவரியையும் தங்களிடம் தனியாகத் தந்துள்ளேன். அவற்றை வெளியிட வேண்டாம் என்று கேட்பது என்னைக் காப்பாற்றிக்கொள்ள அன்று. நான் கற்பித்த ஊரில் என் பெயரைப் படித்தவர்கள், அந்த ஆண்டில் பூசைக்கு உதவிய சிறுவர்களை விரல்விட்டு எண்ணிவிடுவார்கள். அந்தத் தாய் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை,
மட்டக்களப்பு.