ஒரு குறையும் இல்லை என்றாயே, தம்பி

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, உன் ஜெப வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாப் போகுதுண்ணா, ஒரு குறையும் இல்ல" என்றாய். கேட்க சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு அந்த வார்த்தை நெஞ்சில் உறுத்த ஆரம்பித்தது. வேதாகமத்தை எடுத்துத் தேடினேன். வெளிப்படுத்தல் 3:17. "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அங்கே சொல்வது லவோதிக்கேயா சபை.

அந்த ஊர் இன்றைய துருக்கியில் டெனிஸ்லிக்குப் பக்கத்தில் இடிபாடுகளாகக் கிடக்கிறது. அன்றைக்குப் பணக்கார ஊர். கறுப்புக் கம்பளிக்குப் பேர்போனது. கி.பி. 60-ல் பூகம்பத்தில் விழுந்தபோதுகூட ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். யாரிடமும் கை நீட்டிப் பழகாத ஊர். அந்தப் பழக்கம் சபைக்குள்ளும் வந்துவிட்டது, ஆண்டவரிடம்கூடக் கை நீட்டாத அளவுக்கு.

ஆனால் தண்ணீர் மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும். கல்லைக் குடைந்து செய்த குழாய்களில் வந்தது. அந்தக் குழாய்களை இன்றும் பார்க்கலாம். உள்ளே சுண்ணாம்பு கல்லாக இறுகியிருக்கிறது. நம் வீட்டில் போர் தண்ணீர் காய்ச்சும் பானையை நினைத்துப் பார். அடியில் வெள்ளையாக உப்பு படியும். ஒருநாள் காய்ச்சினால் ஒன்றும் தெரியாது. குழாயும் அப்படித்தான், ஒரே நாளில் அடைபடாது. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வரும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. அதே வசனத்தில் ஆண்டவர் "அறியாமல்" என்று ஒரு வார்த்தை சொல்கிறார். அவர்களுடைய வறுமையைவிட அந்த வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, தம்பி. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, காணிக்கை என்று எதிலும் நீ குறை வைத்ததில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். சபைக் கமிட்டியில் இருந்த நாட்களில் ஜெபிக்கச் சொன்னால் பத்து நிமிடம் தடையில்லாமல் ஜெபிப்பேன். வீட்டில் தனியாக முழங்கால் போட்டு எத்தனை மாதம் ஆனது என்று எனக்கே தெரியாது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு ராத்திரி, "சங்கீதம் 121 சொல்லுப்பா" என்றார்கள். சின்ன வயதில் அம்மா நமக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்தது. எட்டே வசனம்தான். இரண்டாம் வசனத்துக்கு மேல் எனக்கு வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, மீதியை அவர்களே சொல்லி முடித்தார்கள். வராந்தாவில் போய் நின்று அழுதேன். நான் பெரிய பாவம் எதிலும் விழுந்திருக்கவில்லை. விழுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தைச் சுவிசேஷக் கூட்டங்களில் புதியவர்களுக்குச் சொல்லியே பழகிவிட்டோம். அது ஆண்டவர் இந்த லவோதிக்கேயா சபைக்குச் சொன்னது. அவருடைய பெயரால் கூடும் சபைக்கு வெளியே அவரே நிற்கிறார். தட்டுகிறார் என்பதுதான் என் ஆறுதல். வெறுத்துப் போயிருந்தால் ஏன் நின்று தட்டவேண்டும்? இதற்கு முந்தின வசனத்தில், "நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்" என்றுதானே சொல்கிறார்.

அதனால் இந்த வாரம் நீ புதிதாக எந்த ஊழியமும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா நம்மை எழுப்பிவிடும் அதே ஐந்து மணிக்கு நாளைக்கு உனக்குப் போன் பண்ணுகிறேன். சங்கீதம் 121-ஐப் பார்க்காமல் சொல்லுவோம். நான் எங்கேயாவது நின்றால் நீ எடுத்துக் கொடு.

அன்புடன்,
அண்ணன்