கறுப்பு கவுனில் அன்னா சாண்டி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். அன்னா சாண்டியின் எண்ணெய் வண்ணப் படத்துக்காக நீ அனுப்பிய ஸ்கெட்ச் கிடைத்தது. சாயல் நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் வயது தப்பிவிட்டதம்மா. நீ வரைந்திருப்பது 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியான அன்னா சாண்டி. உன்னிடம் கேட்டிருப்பதோ வக்கீலையும் சட்டசபை உறுப்பினரையும். 1905-இல் பிறந்தவர், 1929-இல் தொழிலைத் தொடங்கினார். திருவிதாங்கூர் சட்டசபையான ஸ்ரீமூலம் மக்கள் சபைக்குப் போட்டியிட்டபோது பத்திரிகைகள் தூற்றின. அதையும் தாங்கி 1932-இல் உறுப்பினராக உள்ளே போனார். அப்போது 26, 27 வயதுதான். முன்சீப், அதாவது கீழ்நீதிமன்ற நீதிபதி, ஆனதே 1937-இல். அதனால் கண்ணுக்குக் கீழே உள்ள தொய்வையும் தாடைச் சதையையும் எடுத்துவிடு. சாந்தமான புன்னகையும் வேண்டாம். திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு இருந்தபோது, அந்தச் சலுகையே கூடாது என்று எழுதியவர் அவர். பார்வை நேராக இருக்கட்டும்.

கையில் கொடுத்திருக்கும் சட்டப் புத்தகம் எந்த வக்கீலுக்கும் பொருந்தும். அவர் நடத்திய 'ஸ்ரீமதி' பத்திரிகையை மேசையில் வை. தலைப்பைப் பழைய பிரதியைப் பார்த்தே எழுது. 1971 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் மலையாளத்தில் 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்தில் வரும் ரகரக் குறி எழுத்தை விட்டுப் பிரிந்து இடப்பக்கம் நின்றது. அதற்கு முன்பு எழுத்தோடு ஒட்டி வளைந்து வரும். கணினி எழுத்தைப் பார்த்துப் போட்டால் முதல் எழுத்திலேயே காலம் பிசகும்.

அந்தக் காலப் போட்டோவை அப்படியே நம்பாதே. அப்போது புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற கறுப்பு வெள்ளை பிலிம் சிவப்பை உணராது. உதடும் தோலும் உள்ளதைவிடக் கறுத்து விழும். நிழலை ஒரு படி இளக்கிப் போடு. 4 அங்குலப் படத்தை 40 அங்குலமாக்கும்போது 1 மி.மீ. பிசகு 1 செ.மீ. ஆகும். ஆகவே படத்தைப் பெரிதாக்கப் போடும் கட்டத்தை முகத்துக்கு மட்டும் நெருக்கமாகப் போட்டுக்கொள்.

இனி கவுன். படம் கெடுவதே இங்கேதான். டியூபிலிருந்து பிதுக்கிய கறுப்பைப் பூசினால் கேன்வாஸில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். ஐவரி பிளாக் என்ற டியூப் கறுப்பு மெதுவாகக் காயும். அது காய்வதற்குள் மேலே சீக்கிரம் காயும் நிறம் ஏறினால் வெடிப்பு வரும். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த கறுப்பே போதும். வெளிச்சப் பக்கம் நீலம் கூடட்டும், நிழலில் அம்பர் கூடட்டும். முதல் பூச்சு டர்பன்டைனில் மெலிதாக; மேலே போகப் போக லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் கூட வேண்டும். மடிப்புக்கு மூன்று டோன் தாராளம். கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பட்டையைச் சாம்பல் கலந்து போடு. சுத்த வெள்ளையை அதன் ஓரத்தில் ஒரே கோட்டுக்கு வைத்துக்கொள், இல்லாவிட்டால் கண் முகத்துக்குப் போகாது.

காய்ந்ததும் கறுப்பு அங்கங்கே வெளிறித் தெரியும். எண்ணெயைக் கீழ்ப்பூச்சு உறிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். பதறி மறுபடி வண்ணம் ஏற்றாதே. லின்சீடும் டர்பன்டைனும் கலந்து துணியால் ஒற்றி, மிச்சத்தைத் துடைத்தெடு. வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறு.

கவுன் முதல் பூச்சு முடிந்ததும் பகல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்து அனுப்பு. ஈரக் கறுப்பில் பிளாஷ் பட்டால் மடிப்பே தெரியாது.

அன்புடன்,
அப்பா