பார்சல்ல வந்த முட்டைய அன்னைக்கே குஞ்சு பொரிக்கற மெஷின்ல வச்சிராதீங்க

வணக்கமுங்க. போன மாசம் நம்மகிட்ட சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை வாங்கினவங்கள்ல நாலு பேரு மெஷின்ல வச்ச 22ஆம் நாள் காலையில போன் போட்டு ஒரே கேள்விய கேட்டாங்க, "ஏங்க, பன்னண்டுல நாலுதான் பொரிச்சுது, மீதியெல்லாம் கூமுட்டையா அனுப்பிட்டீங்களா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் அரைமணி நேரம் பேசி தொண்டை காஞ்சதுதான் மிச்சம், அதனால எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலா எழுதிடறோம், பொறுமையா படிச்சுருங்க.

பக்கத்து தோட்டத்துல எடுத்து மடியில வச்சு கொண்டு வர்ற முட்டையும், பஸ் பார்சல்ல முந்நூறு கிலோமீட்டர் ஆடிட்டு வர்ற முட்டையும் ஒண்ணு இல்லைங்க. முட்டையோட மொட்டைப் பக்கத்துல ஓட்டுக்கு உள்ள ரெண்டு தோல் இருக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் காத்துப்பை. கடைசி நாள்ல குஞ்சு மொதல்ல அதுக்குள்ளதான் மூக்க விட்டு மூச்சு விடும், அப்புறம்தான் ஓட்டை கொத்தும். குலுங்கி குலுங்கி வந்தா அந்தத் தோல் விட்டுப்போயிரும். இருட்டுல மொபைல் டார்ச்ச மொட்டைப் பக்கம் வச்சு முட்டைய லேசா சாச்சுப் பாருங்க, கொத்தனார் ரசமட்டத்துல குமிழ் ஓடற மாதிரி உள்ள ஓடுச்சுன்னா ரோடு தன் வேலைய காட்டிருச்சுன்னு அர்த்தம். அதுக்காக தூக்கிப் போட்ராதீங்க, நெறைய முட்டை தேறிக்கும்.

தேறணும்னா அதுக்கு ஓய்வு வேணும். பார்சல் பிரிச்சதும் உமிய தட்டிட்டு, கூர்முனை கீழ இருக்கற மாதிரி முட்டை அட்டையில நிக்க வச்சு 24 மணி நேரம் வீட்டுல குளுமையான மூலையில விட்ருங்க. ஃபிரிட்ஜ் வேண்டாம். கழுவவும் வேண்டாம், ஓட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கு, அது போச்சுன்னா கிருமி உள்ள போக வழி விட்ட மாதிரி. அடைக்கோழி வச்சிருக்கறவங்களும் இந்த ஒரு நாள் பொறுத்துதான் வைக்கணும். மெஷின்ல வச்ச பிறகு, காத்துப்பை ஆடற முட்டைய நாங்க மொத மூணு நாள் திருப்பவே மாட்டோம், அப்புறமும் உருட்டாம அட்டையோட இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம் ஒருக்கா சாய்ச்சு விடுவோம், ஆட்டோமேட்டிக் ட்ரே இருந்தா மூணு நாள் மோட்டார ஆஃப் பண்ணி வைங்க.

சூடு 37.5 டிகிரி செல்சியஸ், ஃபேன் இருக்கற மெஷினுக்கு. தெர்மாகோல் பெட்டியில பல்பு மாட்டி நீங்களே பண்ணினதுல ஃபேன் இல்லைன்னா மேல ஒரு சூடு கீழ ஒரு சூடா இருக்கும், அதுக்கு முட்டையோட உச்சி மட்டத்துல 38.5 வரணும். டிஸ்ப்ளேல வர்ற நம்பர அப்படியே நம்பிராதீங்க, வீட்டுல காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரையும் மெஷினோட சென்சார் வயரையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணியில முக்கிப் பாருங்க, ஒரு டிகிரி தப்பா காட்டற மெஷின் எத்தனையோ பாத்துட்டோம்.

ஈரப்பதம்தான் பெரிய தலைவலி. தாராபுரம் பக்கம் காத்து காஞ்சு கெடக்கும், தண்ணிக் கிண்ணம் இல்லாம ஆகாது. ஐப்பசி மழையில நாகப்பட்டினத்துல இருக்கறவரு அதே மாதிரி தண்ணி வச்சா முட்டை வத்தவே வத்தாது, குஞ்சு கடைசியில உள்ளயே ஊறிச் செத்துப்போகும். மொத 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூணு நாள் 65 முதல் 70ன்னு கணக்கு. மீட்டர் மேல சந்தேகமா இருந்தா ஒரு பாட்டில் மூடியில உப்பு போட்டு நாலு சொட்டு தண்ணி விட்டு ஈரமணல் பதத்துக்கு கொழச்சு, மீட்டரோட சேர்த்து ஜிப் கவர்ல போட்டு ராத்திரி பூரா வைங்க, காலையில 75 காட்டணும். அதவிட நல்ல சாட்சி தராசு, 45 கிராம்ல உள்ள போன முட்டை 18ஆம் நாள் 40க்கு பக்கம் எறங்கியிருக்கணும்.

18ஆம் நாளோட திருப்பறத நிறுத்திட்டு மெஷின மூடிட்டா மூடினதுதான். ஓட்டுல மொத விரிசல் விழுந்து குஞ்சு வெளிய வர ஒரு நாள் கூட ஆகும், பாவம்னு நகத்தால உரிச்சு விட்டா ரத்தம்தான் வரும். எங்க அம்மிச்சி அடைக்கூடையில இரும்பு ஆணியும் ரெண்டு வரமிளகாயும் கரித்துண்டும் போட்டுட்டு, இடிக்கு கெடாதுடான்னு சொல்லிட்டு 21 நாளும் அந்தப் பக்கம் யாரையும் விட மாட்டாங்க. ஆணிக்கு என்ன சக்தின்னு தெரியலைங்க, யாரையும் விடாததுக்கு நல்ல பலன் இருந்துச்சு.

இப்ப பணத்து விசயம். பொரிக்காத முட்டைய தூக்கி குப்பையில போடாம ஒவ்வொண்ணா ஒரு தட்டுல உடைச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க (வாசம் வரும், தோட்டத்துல வச்சு உடைங்க). கருவே கூடலைன்னா சேவல் சரியில்ல, அது எங்க தப்பு, அத்தனை முட்டையும் திருப்பித் தர்றோம். ரெண்டாவது வாரத்துல செத்திருந்தா பெரும்பாலும் தாய்க்கோழி தீவனத்துல குறை, அதுவும் எங்களதுதான். மொத வாரத்துல கரு செத்து ரத்த வளையமா நின்னுருந்தா குலுங்கல், வெயில், உங்க மெஷின் சூடு, மூணுல எதுவும் இருக்கலாம், அதுக்கு பாதி விலை எங்க பங்கு. முழு குஞ்சா 19, 20ல செத்திருந்தா ஈரப்பதத்தையும் மெஷின்ல காத்து போற துவாரத்தையும் நீங்கதான் பாக்கணும், கோவிச்சுக்காதீங்க. எங்க தப்ப மறைக்கறதும் இல்லைங்க, ஒருக்கா புதுசா வந்த பையன் இருபது முட்டைய கூர்முனை மேல வச்சு கட்டிட்டான், வாங்கினவரு டார்ச் அடிச்சு வீடியோ அனுப்பினாரு, குமிழ் எல்லாம் ஓடுது, மறுநாளே வேற இருபது கட்டி அனுப்பினோம்.

நாமக்கல் முட்டைய கடையில வாங்கி வச்சா பொரிக்குமான்னு கேக்கறவங்களுக்கு: பொரிக்காதுங்க, அந்தப் பண்ணையில சேவலே கெடையாது.

சித்திரை பாதியில இருந்து கத்திரி முடியற வரைக்கும் பார்சல் நிறுத்தி வைக்கிறோம். பார்சல் ஆபீஸ் தகரக் கூரைக்கு கீழ ஒரு மத்தியானம் கெடந்தா கரு அரைகுறையா வளர ஆரம்பிச்சு ராத்திரி அப்படியே நின்னுரும், காசு வாங்கிட்டு அத அனுப்ப மனசு வரலைங்க. அவசரமா வேணும்ங்கறவங்க பண்ணைக்கே வந்து எடுத்துக்கங்க, விடியக்காலையில வந்தா நல்லது, கூடை கொண்டு வாங்க, டூவீலர்னா மடியில வச்சுக்க கூட ஒரு ஆளையும் கூட்டிட்டு வாங்க.