மகளிர் மன்ற ஆண்டறிக்கை: சொத்தில் பெண்ணின் பங்கு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொத்துரிமை வகுப்புகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தை முதல் வகுப்பில் வாசித்தோம். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அதுவும் சீதனக் கணக்கில். "எனக்கு அதுகூடத் தரலியே மக்களே" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அதன்பின் வகுப்பைத் தொடரக் கொஞ்ச நேரம் ஆனது.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் இல்லை, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு கிடைத்தது. ஆனால் பழைய சட்டம் சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவுக்கு முரணா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. எனக்கு இன்றும் அது பெரிய மனக்குறை.

இந்துக் குடும்பங்களில், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது, ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை விலக்கியது. ஒரே வீட்டில் தங்கைக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை! 2005 மத்தியத் திருத்தம் அதைச் சரிசெய்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனாலும் பிள்ளையில்லாத விதவை உயிலின்றி இறந்தால், அவர் உழைத்துச் சேர்த்த சொத்து கணவர் வீட்டாருக்கே முதலில் போகிறது.

இஸ்லாமியச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் பாதி. மஹரும் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) குடும்பப் பராமரிப்பும் ஆணின் கடமை என்பதால் அது நியாயமே என்றார் ஒரு சகோதரி. "என் வீட்டுச் செலவை நான்தானே பார்க்கிறேன்?" என்று கேட்டார் இன்னொருவர். மாற்றம் தங்கள் சமுதாயத்துக்குள்ளிருந்தே வர வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். எல்லா மதத்தினருக்கும் ஒரே பொதுச் சட்டம் வேண்டுமா என்பதில் மன்றத்துக்குள் ஒத்த கருத்து இல்லை, தீர்மானம் போடவில்லை.

எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: எந்த மதமானாலும் நம்மைக் கடைசியில் வெறுங்கையோடு விடுவது, நம் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரம். காரியம் முடிந்த சூட்டில், அழுத கண்ணோடு இருக்கிறவளிடம் "ஒரு கையெழுத்துதான்" என்று நீட்டுகிறார்கள். பிறந்த வீட்டுப் படி மிதிக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்து போட்டுவிடுகிறோம். நானும் அப்படிப் போட்டவள்தான்.

அதனால் இனி எந்த உறுப்பினரும் தனியாகச் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டாம். முதலில் வில்லங்கச் சான்று எடுப்போம், பத்திரத்தை வரி விடாமல் வாசிப்போம், அப்புறம் முடிவெடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. கூட வர இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

செயலாளர்