பலகையைக் கூட்டும் முன் நீரோட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரிய வெந்நீர் அமைப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, வெந்நீர் போதவில்லையென்றால் மேலும் ஒரு பலகையை இணைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்திருந்தது. பலகையின் பரப்பை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, அதனுள் நீர் எப்படிப் பிரிந்து ஓடுகிறது என்பதைத் தொடவே இல்லை.

தட்டைப் பலகையில் கீழும் மேலும் இரண்டு கிடைக்குழாய்களும், அவற்றை இணைத்தபடி கறுப்புத் தகட்டோடு ஒட்டிய மெல்லிய நெடுக்குக்குழாய்களும் இருக்கின்றன. நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் ஒரே பக்கத்தில் அமைந்து, கிடைக்குழாயும் போதிய அகலமின்றி இருந்தால், அந்த வாய்களுக்கு அருகிலுள்ள குழாய்கள் வழியாகவே பெரும்பகுதி நீர் போய்விட, கோடியில் உள்ளவற்றில் ஓட்டம் மந்தமாகிறது. அங்கே தகடு மிகையாகச் சூடேறி, வாங்கிய வெப்பத்தில் கணிசமான பங்கைக் கண்ணாடி வழியே வெளிக்காற்றுக்கு இழக்கிறது. மிகையாக நீர் பாயும் குழாய்கள் இந்த இழப்பை ஈடுகட்டுவதில்லை. அங்கே தகடு ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால், கூடுதல் நீர் எடுத்துக்கொள்ள வெப்பம் அதிகம் மிஞ்சுவதில்லை. கீழே ஒரு மூலையில் நுழைந்து மேலே எதிர்மூலையில் வெளியேறும்படி இணைத்தாலே பங்கீடு பெரிதும் சீராகும்.

பம்பு இல்லாமல் தானே சுழலும் அமைப்புகளில் இன்னும் கவனம் தேவை. சூடான நீர் எடை குறைந்து மேலெழுவதே அங்கே ஓட்டத்தைத் தருகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் நீரின் எடை சுமார் 998 கிலோ. 60 டிகிரியில் சுமார் 983 கிலோ. இந்த 15 கிலோ வேறுபாடு அரை மீட்டர் உயரத்துக்குத் தரும் உந்துதல், 7.5 மில்லிமீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தம் மட்டுமே. மேல்நோக்கிச் செல்ல வேண்டிய குழாய் நடுவே சற்றே மேடாக வளைந்து அங்கே காற்று அடைத்துக்கொண்டால், இவ்வளவு சிறிய உந்துதலால் அதைத் தள்ள முடியாது. (நீர் போதாமல் பட்டினி கிடக்கும் குழாய் கூடுதலாகச் சூடேறித் தன் ஓட்டத்தைத் தானே ஓரளவு கூட்டிக்கொள்வது இவ்வகை அமைப்பின் நற்குணம் என்பதையும் சொல்ல வேண்டும்.)

உப்புப் படிவும் முதலில் கெடுப்பது ஓட்டத்தைத்தான். 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் படிந்தால் மிஞ்சுவது 8 மில்லிமீட்டர். பார்வைக்குப் பெரிய குறைவாகத் தெரியாது. ஆனால் இக்குழாய்களில் நிலவும் மெதுவான, சீரான ஓட்டத்தில் தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அது ஏறத்தாழ 2.4 மடங்காகிவிடுகிறது.

எனவே புதிய பலகை வாங்குமுன், நல்ல வெயில் நேரத்தில் ஒவ்வொரு பலகையின் வெளியேறு குழாயிலும் தொடு வெப்பமானியை வைத்து அளந்து ஒப்பிட வேண்டும். அகச்சிவப்புக் கருவியைக் கண்ணாடிக்கு மேல் காட்டுவதில் பயனில்லை. அது காட்டுவது கண்ணாடியின் வெப்பநிலையே, உள்ளிருக்கும் தகட்டினுடையது அன்று. நீரைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும்படி இணைத்த ஒரே வரிசையில் ஒரு பலகை மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடான நீரைத் தந்தால், அதைச் சிறந்த பலகை என்று மகிழ வேண்டாம். அதற்கு நீர் போதவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அந்நிலையில் வரிசையை மேலும் நீட்டுவது பங்கீட்டை இன்னும் மோசமாக்கும்.

இனி இத்தகைய வழிகாட்டிக் கட்டுரைகளை வெளியிடும்போது, பரப்பளவோடு பரிந்துரைக்கப்பட்ட நீரோட்ட அளவையும் அழுத்த இழப்பையும் விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுமாறு வாசகர்களுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெந்நீர் அமைப்புகளைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர்